வெளிநாட்டில் உள்ளூர் வழிகாட்டியோடு பழகும் முறை: தேர்வு முதல் விடைபெறுதல் வரை

குமுளியில் வாழ்பவர்களுக்கு வழிகாட்டி என்பவர் அன்றாடம் பார்க்கும் மனிதர். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் பயணிகளை நடத்திச் செல்வோரில் மன்னான், பளியர் சமூகத்தினர் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, பின்னர் 1990களின் பிற்பகுதியில் வனத்துறையோடு சேர்ந்து அதே காட்டைக் காக்கும் வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு காலை முழுவதும் நடந்துவிட்டு, யானை கண்ணில் படவில்லை என்ற குறையை மட்டும் சுமந்துகொண்டு திரும்புகிற பயணி உண்டு. அதே காலைப்பொழுதில், பட்டை உரிக்கப் போனவர்கள் இரவில் எங்கே தங்கினார்கள், எதைத் தின்றார்கள், எந்த நாளில் அந்த வாழ்க்கை போதுமென்று முடிவு செய்தார்கள் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறவரும் உண்டு. இருவரும் கட்டிய கட்டணம் ஒன்றே.

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துக் குடும்பங்கள் இப்போது மதுரையிலிருந்து கொழும்புக்கும், கொச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும், அங்கிருந்து வியட்நாம், கம்போடியா என்று மேலும் தொலைவுக்கும் போகத் தொடங்கியிருக்கின்றன. இங்கே விருந்தோம்பும் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே விருந்தாளிகளாகிறார்கள். வழிகாட்டியோடு நல்ல பழக்கம் உண்டாவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை, நாம் முன்கூட்டி எழுதும் கடிதம், பேசும் கூலி, முதல் நாள் காலையில் நடந்துகொள்ளும் விதம், கேட்கும் கேள்வி ஆகியவற்றால் அது பெரும்பாலும் தீர்மானமாகிறது. அவற்றைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

முதற்படி: எந்த வகை வழிகாட்டி என்று அறிதல்

ஒரு மணி நேரம் உடனிருப்பவரோடு பழகும் முறை வேறு, ஒரு வாரம் ஒரே வண்டியில் வருபவரோடு பழகும் முறை வேறு. ஆகவே போகிற நாட்டில் வழிகாட்டிகளை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கையில் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை உரிமம் வழங்குகிறது. நாடு முழுவதும் அழைத்துச் செல்பவர், வண்டியும் ஓட்டி விளக்கமும் சொல்லும் சாரதி வழிகாட்டி, ஒரு பகுதிக்கு மட்டும் உரியவர், ஒரு தலத்துக்கு மட்டும் உரியவர் என்று அங்கே பிரிவுகள் உள்ளன. வியட்நாமில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் சுற்றுலாச் சட்டம், வெளிநாட்டவருக்கான வழிகாட்டி, உள்நாட்டினருக்கான வழிகாட்டி, தலத்துக்கான வழிகாட்டி என்று மூவகை அட்டைகளை வகுத்திருக்கிறது. தாய்லாந்தில் இந்தத் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. சிங்கப்பூரில் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட அரசின் சுற்றுலாக் கழகம் தரும் உரிமம் தேவை. ஜப்பான் 2018 ஜனவரியில் விதியைத் தளர்த்தி, உரிமத் தேர்வு எழுதாதவரும் கட்டணத்துக்கு வழிகாட்டலாம் என்று ஆக்கியது. எனவே அங்கே அட்டை இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். முறையாகப் படித்துத் தேர்வெழுதி உரிமம் பெற்றவர், அதைக் கேட்கும் பயணியை மதிக்கவே செய்வார். ஆனால் போலியைப் பிடிக்க வந்த அதிகாரியின் குரலில் கேட்கக் கூடாது. "உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும், அட்டையைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெயரும் தெரியும், உரிமமும் தெரியும்.

இரண்டாம் படி: புறப்படும் முன் எழுதுதல்

ஏஜென்சி வழியாகப் போனாலும், யார் வழிகாட்டப் போகிறார் என்று கேட்டு, பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுவது நல்லது. பலரும் இதைச் செய்வதில்லை. செய்கிறவர்களுக்கு முதல் நாளின் இறுக்கம் பாதி குறைந்துவிடுகிறது. செய்தி நீளமாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் இந்தியாவின் கேரள, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள மலையூரிலிருந்து வருகிறோம், ஏலக்காயும் மிளகும் விளையும் ஊர், எங்களில் இத்தனை பேர், மூத்தவருக்கு முழங்கால் வலி, இருவர் முட்டைகூடச் சாப்பிட மாட்டார்கள், எங்களுக்குக் கோயில் கட்டடக்கலையைவிடச் சந்தையும் விவசாயமும் பார்க்கவே விருப்பம் என்று எழுதினால் போதும். வழிகாட்டிக்கு அதிலிருந்து நிறைய கிடைக்கிறது: எத்தனை படி ஏற்றலாம், எங்கே சாப்பிட வைக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அவர் முன்பே யோசித்து வைப்பார்.

நம் ஊரைச் சொல்வதன் பயன் அதோடு முடிவதில்லை. வியட்நாம் உலகிலேயே மிக அதிகமாக மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு. அங்கே விளைச்சல் கூடினால் இடுக்கியில் விலை இறங்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்நாட்டின் நடுமேட்டு நிலத்தைச் சேர்ந்த ஒரு வழிகாட்டியின் வீட்டிலும் மிளகுக்கொடி இருக்கலாம். கம்போடியாவின் கம்போட் மிளகுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வாடல் நோய், பறிப்புக் கூலி, காய வைக்கும் களம் என்று இரு விவசாயக் குடும்பங்கள் பேசிக்கொள்ளத் தொடங்கினால், அன்றைய நாள் வெறும் சுற்றிப் பார்த்தலாக முடியாது. இலங்கையின் ஹட்டன், நுவரெலியா பக்கத்து மலையகத் தமிழர் ஒருவர் வழிகாட்டியாக அமைந்தால் இன்னும் நெருக்கம்: வண்டிப்பெரியாற்றில் இருப்பது போலவே அங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் லயத்து வீடுகள், கொழுந்து பறிப்பு, எடை போடும் இடம். அவர்களுடைய முன்னோர்களில் பலர் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிப் பகுதிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள்.

மூன்றாம் படி: பணத்தை முதலிலேயே பேசி முடித்தல்

பழக்கத்தைக் கெடுப்பதில் பேசி முடிக்காத பணத்துக்கு ஈடு வேறில்லை. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, நுழைவுச் சீட்டு யார் செலவு, மதிய உணவு யார் செலவு, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, எந்த நாணயத்தில் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். கம்போடியாவின் அங்கோர் கோயில் வளாகத்தில் ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர் என்பது 2017 முதல் உள்ள விலை. வழிகாட்டியின் ஊதியம் இதில் சேராது. பெருந்தொகையைச் சீட்டுக்குக் கட்டிய களைப்பில், நாள் முழுக்க உடன் நடக்கப் போகும் மனிதரின் கூலியில் பேரம் பேசுவது நம்மவர்களிடம் அதிகம். கொஞ்சம் பேரம் பேசுவதில் தவறில்லை. ஆனால் ஒருமுறை ஒப்புக்கொண்ட பிறகு மறுபடி குறைக்கக் கூடாது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வேலையின்றி இருக்கும் தொழில் இது என்பதைத் தேக்கடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐரோப்பிய நகரங்களில் "இலவச நடை" என்ற பெயரில் நடப்பவற்றைப் பற்றி ஒரு சொல். முடிவில் விரும்பியதைத் தரலாம் என்பது ஏற்பாடு. பல இடங்களில் வழிகாட்டி தலைக்கு இவ்வளவு என்று அமைப்பாளருக்குக் கட்டித்தான் நம்மை அழைத்துப் போகிறார். எதுவும் தராமல் கூட்டத்தோடு நழுவுகிறவர், இரண்டு மணி நேரம் பேசியவரின் கையிலிருந்து பணம் எடுக்கிறார் என்றே பொருள்.

கடைகளில் கிடைக்கும் கமிஷனையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிட வேண்டும். நம் ஊர் வாசனைப் பொருள் கடைகளுக்கு வண்டிக்காரர்கள் பயணிகளைக் கொண்டுபோய் இறக்குவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை; குறைந்த அடிப்படைக் கூலியை அந்தக் கமிஷன்தான் ஈடுகட்டுகிறது. "எங்களுக்குக் கடை வேண்டாம், அதற்கு ஈடாக இவ்வளவு சேர்த்துத் தருகிறோம்" என்றோ, "ஒரே ஒரு கடைக்கு அரை மணி நேரம் வருகிறோம்" என்றோ முதல் நாளே சொல்லிவிட்டால், பட்டுக்கடை வாசலில் முகம் சுளிக்க வேண்டிய நிலை இருவருக்கும் வராது. கடையைப் பற்றி நேராகப் பேச முடிந்த வழிகாட்டியிடம் மற்றவற்றையும் நேராகப் பேச முடியும்.

நான்காம் படி: முதல் நாள் காலை

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தயாராக இருங்கள். குழுவில் எல்லோரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அவரை எப்படி அழைக்க வேண்டும் என்று கேளுங்கள். வியட்நாமில் வழிகாட்டி சந்தித்தவுடனேயே உங்கள் வயதைக் கேட்கலாம். வயதறிந்து அண்ணன், அக்கா, தம்பி என்று முறை வைத்து அழைப்பதே அங்கும் மரியாதை என்பதால் கேட்கிறார். கம்போடியாவில் இரு கை கூப்பி வணங்குவது வழக்கம். நம் கைகளுக்குப் பழகியதுதான். பிள்ளைகளின் தலையைத் தடவிக் கொஞ்சுவதை மட்டும் அங்கே தவிர்க்க வேண்டும். இலங்கையில் தமிழ் பேசும் வழிகாட்டியை "அண்ணா" என்று அழைத்தால் போதும். சிங்களம் பேசுபவரிடம் தமிழிலேயே பேசிக்கொண்டு போகாமல், எந்த மொழி அவருக்கு வசதி என்று கேட்பது நாகரிகம்.

ஆங்கிலம் இருவருக்குமே கற்ற மொழியாக இருக்கும்போது, வேகம்தான் சிக்கல். புரியாத இடத்தில் தலையாட்டிவிடுவது நம்மிடம் உள்ள பெரிய பழக்கம். தலையாட்டினால் அவர் புரிந்ததாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். பிற்பகலுக்குள் இருவருக்கும் இடையில் பேச்சே இல்லாமல் போகும். "இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்" என்று முதல் அரை மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள். அவர் அதன்பின் தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்வார்.

ஐந்தாம் படி: கேட்பதும் கேட்டுக்கொண்டிருப்பதும்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. வழிகாட்டி ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி உருவான ஒரு பேச்சு இருக்கும்: எந்த மன்னன், எந்த ஆண்டு, எத்தனை கல். அதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அது அவருடைய உழைப்பு. அது முடிந்து, அடுத்த இடத்துக்கு நடக்கும் இடைவெளியில்தான் மனிதர் வெளிப்படுவார். "இந்தக் கோயிலுக்கு நீங்கள் முதன்முதலில் யாரோடு வந்தீர்கள்?", "விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவீர்கள்?", "இங்கே பயணிகள் யாரும் நின்று பார்க்காத, உங்களுக்குப் பிடித்த சிற்பம் எது?" என்பன போன்ற கேள்விகளுக்கு மனப்பாடமான விடை கிடையாது. அவர் சற்று நின்று யோசிப்பார். அந்த யோசனைக்கு இடம் கொடுங்கள். அடுத்த கேள்வியை உடனே போடாதீர்கள்.

ஏப்ரல் மாதம் பேச்சைத் தொடங்க மிக நல்ல வாசல். நமக்குச் சித்திரை முதல் நாள், மலையாளிகளுக்கு விஷு. இலங்கையில் சிங்களவரும் தமிழரும் அதே நாட்களில் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் ஏப்ரல் நடுவில்தான் புத்தாண்டு. உங்கள் வீட்டில் அன்று என்ன சமைப்பார்கள் என்று கேட்டால், நம் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று அவரும் கேட்பார்.

தமிழ்ப் பயணிகளுக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னன் கட்டினான், சோழர் கட்டினர் என்ற செய்திகள் நம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கோயிலை 12ஆம் நூற்றாண்டில் எழுப்பியவன் கெமர் அரசன் இரண்டாம் சூர்யவர்மன். விஷ்ணுவுக்காகக் கட்டப்பட்டது பின்னாளில் பௌத்தத் தலமாகி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கம்போடியாவின் கொடியிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. அங்கே நின்று, அந்நாட்டு வழிகாட்டியிடம் "இது எங்கள் ஆட்கள் கட்டியது" என்று சொல்வது, அவருடைய முன்னோர் உழைப்பை அவர் முகத்துக்கு நேரே பறிப்பதாகும். அவர் புன்னகையோடு கேட்டுக்கொள்வார். அதன்பின் மனம்விட்டு எதுவும் பேச மாட்டார். பாற்கடல் கடையும் காட்சி அங்கே கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளச் சுவர் முழுக்கச் செதுக்கப்பட்டிருக்கிறது. கதை நமக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்து தெரியும் என்பதற்காக முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. அவர் சொல்லி முடிக்கட்டும். எங்கே நம் கதையோடு ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பிறகு பேசிப் பார்ப்பதில் எவ்வளவோ இருக்கிறது. உறவைப் பற்றிப் பேச ஆசையென்றால் உறுதியான சான்றோடு பேசலாம்: 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் பராமரிப்பு வேலை செய்தது. பாராட்டும் கடுமையான விமர்சனமும் பெற்ற வேலை அது. அங்கே வேலை செய்த இந்தியர்களைப் பற்றி அவ்வூர் மூத்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால், புத்தகங்களில் இல்லாத பதில் கிடைக்கலாம்.

ஆறாம் படி: கேட்கக் கூடாதவை

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. ஐம்பது வயதைக் கடந்த வழிகாட்டியிடம் "உங்கள் வீட்டில் யாராவது இறந்தார்களா?" என்று கேட்பது, பல நூறு பயணிகள் முன்பே கேட்டுவிட்ட கேள்வி. இலங்கையில் 2009இல் முடிந்த போரைப் பற்றியும் அப்படியே. நம் ஆதரவைக் காட்டுவதாக எண்ணிக்கொண்டு, பொது இடத்தில், வண்டி ஓட்டுநர் காது கேட்க, இயக்கத்தைப் பற்றியும் இராணுவத்தைப் பற்றியும் கருத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விடை சொன்னால் ஆபத்து அவருக்குத்தான். நாம் விமானம் ஏறிவிடுவோம். அவர் தானாகத் தொடங்கினால் கேளுங்கள், தொடங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

மாதச் சம்பளம், சாதி, திருமணம் ஏன் ஆகவில்லை என்பவை நம் ஊர் டீக்கடையில் சாதாரணமாக இருக்கலாம், அங்கே வேண்டாம். வழிகாட்டி பெண்ணாக இருந்தால், வேலை நேரம் முடிந்தபின் தனிப்பட்ட செய்திகள் அனுப்புவதைத் தவிர்ப்பது கட்டாயம். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள், வழிகாட்டி எவ்வளவு நல்லவராகத் தோன்றினாலும், தன் வீட்டுக்கு வரும்படி அவர் விடுக்கும் அழைப்பைப் பகலிலும், குடும்பத்தார் இருக்கும்போதும் மட்டுமே ஏற்கலாம். எங்கே போகிறோம் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஏழாம் படி: உடன் உண்ணுதல்

பல நாடுகளில் பயணிகள் உணவகத்துக்குள்ளும், வழிகாட்டியும் ஓட்டுநரும் பின்கட்டில் தனியேயும் உண்பது வழக்கமாக இருக்கிறது. ஒரு வேளையாவது சேர்ந்து உண்ண அழையுங்கள். ஆனால் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்: அவருக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நேரம் அதுவாக இருக்கலாம், பின்கட்டில் உணவு அவருக்கு இலவசமாகவும் இருக்கலாம். "நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் இடத்துக்கு எங்களை அழைத்துப் போக முடியுமா?" என்று கேட்பது இதைவிடச் சிறந்த வழி. சைவம் மட்டும் உண்பவர்கள் மீன் சாறு, மீன் விழுது இவற்றைத் தென்கிழக்காசியச் சமையலில் தவிர்ப்பது கடினம் என்பதை முன்பே அறிந்து, கையில் கொஞ்சம் புளியோதரைப் பொடியோ பருப்புப் பொடியோ வைத்திருப்பது நல்லது. அதில் ஒரு கரண்டி அவருக்கும் கொடுங்கள்.

குழுவாகப் போகிறவர்களுக்கு

நம் பகுதியினர் பெரும்பாலும் நாற்பது பேர் கொண்ட குழுவாகவே போகிறார்கள். உடன் வரும் நம்மூர் டூர் மேனேஜர் எல்லாவற்றையும் தமிழில் சுருக்கிச் சொல்லிவிடுவதால், உள்ளூர் வழிகாட்டி பேருந்தின் முன்னிருக்கையில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நிலை வருகிறது. மேனேஜரிடம் சொல்லி, நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஒலிவாங்கியை அவரிடம் கொடுக்கச் செய்யுங்கள். மொழிபெயர்க்க ஒருவர் நிற்கட்டும். நடக்கும்போது வரிசையின் முன்னால், அவர் அருகே போய் நடங்கள். கடைசி வரிசையில் படம் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கு அவருடைய குரலே எட்டுவதில்லை.

எட்டாம் படி: விடைபெறுதல்

டிப்ஸ் கொடுக்கும் முறை நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் அந்த வழக்கமே இல்லை. நம் ஊரிலிருந்து கொண்டுபோன சிறு பரிசு பொருத்தமானது. கம்போடியாவில் டாலராகவே தரலாம். ஆனால் கிழிந்த, கறைபட்ட நோட்டை அங்கே யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் புதிய நோட்டாகக் கொடுங்கள். எங்கும் உறையில் இட்டு, இரு கையாலும், மற்றவர் பார்க்காதபடி தருவது அழகு. ஓட்டுநருக்குத் தனியாகத் தர வேண்டும். ஏலக்காயும் மிளகும் பரிசாகக் கொண்டுபோக விரும்புகிறவர்கள் கடையில் முத்திரையிட்ட பொட்டலமாகவே எடுத்துச் செல்ல வேண்டும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தானியம், விதை, வாசனைப் பொருள் அனைத்தையும் இறங்கியவுடன் அறிவிக்காவிட்டால் அபராதம் உண்டு.

படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள்; ஊர் திரும்பிய வாரத்துக்குள் அனுப்பாவிட்டால் பிறகு அனுப்பப் போவதில்லை. எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைப்பதானால், உண்மையாக வரவேற்க முடியும் என்றால் மட்டும் அழையுங்கள். கூலி வாங்கிக்கொண்டு அன்பாக நடந்துகொண்டவர் நண்பராகிவிட்டார் என்று உடனே எண்ணிவிடவும் வேண்டாம். அடுத்த புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பும் வாழ்த்துக்கு அவர் தன் பிள்ளைகளின் படத்தோடு பதில் எழுதினால், அப்போது அது நட்பு.

இணையத்தில் அவரைப் பற்றி மதிப்புரை எழுதுவது டிப்ஸைவிடப் பெரிய உதவி. அட்டையில் உள்ளபடி பெயர், எந்த மொழியில் வழிகாட்டினார், எந்த இடங்கள், முதியவர்களையும் குழந்தைகளையும் எப்படிக் கவனித்தார், சைவ உணவுக்கு என்ன ஏற்பாடு செய்தார் என்று விவரமாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அவர் தன் அரசைப் பற்றிச் சொன்னதையும், தன் குடும்பத்தின் துயரத்தைச் சொன்னதையும், எந்தக் கடையில் எவ்வளவு கமிஷன் என்று நம்பிச் சொன்னதையும் அதில் எழுதாதீர்கள். அந்த மதிப்புரையை அவருடைய மேலதிகாரிகளும், ஏஜென்சிக்காரரும், உரிமத்தைப் புதுப்பிக்கும் அலுவலரும் படிப்பார்கள்.